பத்து நிமிடம் கழித்துத் திற

என்டரை அழுத்திய விரலை ஞானசுந்தரி இன்னும் எடுக்கவில்லை. கறுப்புத் திரையில் கர்சர் தன் பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தது, ஆனால் தட்டிய எழுத்து எதுவும் விழவில்லை. ஒன்றைத் தட்டினாள். இன்னொன்றைத் தட்டினாள். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல் இருந்தாள், சத்தம் வரவில்லை. பிறகுதான் புரிந்தது. தன்னைத்தானே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டுவிட்டாள். நாலாவது கேள்வி, நாற்பது மதிப்பெண். பெங்களூரில் எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் இருக்கும் சர்வருக்கு ஃபயர்வால் போட வேண்டும், அதாவது காவல் வைக்க வேண்டும். எல்லா வாசலையும் அடைத்துவிட்டு, இணையப் பக்கம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, தொலைவிலிருந்து வேலை பார்க்கும் நிர்வாகிக்கு ஒன்று என்று மூன்றை மட்டும் திறந்து வைக்க வேண்டும். முதல் இரண்டையும் எழுதினாள். மூன்றாவதை எழுதவில்லை. அந்த மூன்றாவது வாசல் அவளுடையது. அதில் நின்றுகொண்டுதான் மற்ற வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டுத் தனக்கு இலை இல்லாமல் நிற்பது அவளுக்குப் பழக்கம்தான். ஐம்பத்தோரு வயதில் அதைப் பரீட்சையிலும் செய்து காட்டியிருக்கிறாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி இருபத்தாறு நிமிடம். பரீட்சை மூன்று ஐம்பதுக்கு முடியும். முடிந்ததும் ஒரு சோதனை நிரல் வந்து எல்லோருடைய சர்வரையும் தட்டும். திறக்காத சர்வருக்கு, உள்ளே என்ன செய்திருந்தாலும், மொத்தமாகப் பூஜ்யம்.

பரவாயில்லை, பத்து நிமிடம் போட்டிருக்கிறேன் என்று நினைத்தாள். நினைத்த உடனே, போட்டேனா என்றும் நினைத்தாள். தொலைவிலிருந்து ஃபயர்வாலைத் தொடுகிறவர்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. புதிய காவலை ஏற்றுவதற்கு முன் அந்த சர்வரிடமே சொல்லி வைப்பார்கள்: பத்து நிமிடம் கழித்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடு. எல்லாம் சரியாக வந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிடலாம். தவறிப்போனால், வெளியே மாட்டிக்கொண்டவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், கதவு தானாகத் திறக்கும். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், சர்வர் அறைக் கதவின் உள்பக்கம், அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்த டென்சில், தோஹாவுக்கு வேலை கிடைத்துப் போவதற்கு முன்பு, சிவப்பு மார்க்கரால் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தான்: ‘பத்து நிமிஷம் போட்டியா?’ அந்தத் தாளை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள். அந்த வரியைத் தட்டிய விரல்கள் இப்போதும் கண்ணுக்குத் தெரிகின்றன. நகத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை. மஞ்சள் கறையா? இன்றைக்குக் காலையில் மீன் கழுவவில்லை, மஞ்சளைத் தொடவே இல்லை. அப்படியானால் கண்ணுக்குத் தெரிகிற இந்த விரல்கள் இன்றைய விரல்கள் அல்ல, போன வாரத்தவை, அதற்கு முந்தின வாரத்தவை, சாப்பாட்டு மேசையில் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு நாற்பது தடவை அதே வரியைத் தட்டிப் பழகிய விரல்கள். பழகப் பழக எல்லா நாளும் ஒரே நாளாகிவிடுகிறது. வீட்டைப் பூட்டினோமா என்று நடுவழியில் யோசிக்கிறவருக்கு எத்தனையோ பூட்டுகள் ஞாபகம் வருகின்றன, இன்றைய பூட்டு மட்டும் வருவதில்லை. அதற்காகத்தானே நோட்டு வைத்திருக்கிறாள். கோடு போட்ட சின்ன நோட்டு. காஸ், குழாய், கேட், மாத்திரை, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு டிக். படிக்கத் தொடங்கியபின் கட்டளைகளுக்கும் டிக். அந்த நோட்டு இப்போது அறைக்கு வெளியே, இரும்பு அலமாரியில், பைக்குள் இருக்கிறது. காகிதம் எதுவும் உள்ளே வரக்கூடாது.

உதவி கேட்கலாம். கையைத் தூக்கினால் கண்காணிப்பாளர் சங்கரலிங்கம் சார் வருவார், பெங்களூருக்குப் போன் போடுவார், அங்கே யாரோ ஒருவர் சர்வரைப் பழையபடி திருப்பி வைப்பார். ஆனால் உதவிக்கு முப்பது மதிப்பெண் பிடிப்பார்கள். நூற்றுக்கு எழுபது இருந்தால்தான் தேர்ச்சி. மற்ற மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்றில் ஒரு சின்னப் பிசகு இருந்தாலும் போச்சு; பிசகு இருக்கிறது, இரண்டாவது கேள்வியில் பேக்கப் எடுக்கும் நேரத்தை அவள் தப்பாக எழுதியிருக்கிறாள் என்று எழுந்து தண்ணீர் குடித்தபோதே தெரிந்தது, திருத்த நேரம் இருக்கும் என்று நினைத்தாள். ஆக, கையைத் தூக்கினால் தோல்வி ஏறக்குறைய நிச்சயம். தூக்காமல் இருந்து, பத்து நிமிடம் போடாமலும் இருந்தால் பூஜ்யம். அதிலும் ஒரு வம்பு, உதவி கேட்பதெல்லாம் மூன்று முப்பது வரைக்கும்தான், கடைசி இருபது நிமிடத்தில் கேட்கக் கூடாது. போட்டிருந்தாலும் கதவு முப்பதுக்கு முன்னால் திறக்கப்போவதில்லை. அதாவது, தெரிந்துகொள்வதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். மூன்று இருபத்தேழு. பக்கத்து இருக்கையில் ரிஸ்வானா என்ற பெண், இருபத்து நாலு இருபத்தைந்து வயதிருக்கும், விரல்கள் மழைபோலப் பெய்துகொண்டிருந்தன. காலையில் டீ குடிக்கும்போது அவள்தான் பக்கத்தில் வந்து நின்றாள். “ஆன்ட்டி, மகளுக்குத் துணையா வந்தீங்களா? எந்த ரூம்ல எழுதுறா?” “நான்தாம்மா எழுதுறேன்.” “அய்யோ, சாரி ஆன்ட்டி.” சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரி மீட்டிங்கில் ரெஜிஸ்ட்ரார் சிரித்ததும் அப்படித்தான். டென்சில் போனபின் சர்வர் அறையை வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓ.பி. சீட்டுப் பதிவு செய்கிற கவுன்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த அவள், கடைசி நாற்காலியிலிருந்து, நான் படிக்கிறேன் சார் என்றாள். தன் குரல்தான் என்று அவளுக்கே தெரிய ஒரு நொடி ஆயிற்று. ரெஜிஸ்ட்ரார் சிரித்தார். “ஞானம்மா, அது சீட்டு போடுற வேலை இல்ல. நோயாளிக்கு எத்தன மணிக்கு எந்த மருந்துன்னு அத்தனையும் அந்தப் பொட்டிக்குள்ள இருக்கு.” ரூபி டாக்டர்தான், எழுதட்டும் சார், ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும் என்றார். ஒரு தடவை. வருகிற திங்கட்கிழமை அந்த அறையின் சாவி ஒன்று அவளிடம் வரும், அல்லது அந்தக் கம்பெனிக்காரர்களிடம் போகும்.

எத்தனை மணிக்கு எந்த மருந்து. அதை அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? ஆஸ்பத்திரியில் தெரியாதவர் யார். அதே ஆஸ்பத்திரியின் நாலாம் நம்பர் வார்டில்தான் அவள் கணவர் ஆசீர் மூன்று நாள் கிடந்தார். மூன்று வருஷமாகிறது. மாலை ஏழரைக்குச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு இன்சுலின் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து நூறு பிள்ளைகளை விசிலால் ஓடவிட்டவருக்கு ஊசியைக் கண்டால் கண் மூடிக்கொள்ளும், அதனால் அவள்தான் போடுவாள். அன்றைக்கும் போட்டாள். உடனே தூத்துக்குடியிலிருந்து நாத்தனார் போன், ஞானஸ்நானத்துக்கு என்ன எடுப்பது, சேலையா, வெள்ளியா, பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது ஊசி மேசைமேல் மூடி போட்டபடி கிடந்தது. போட்டேனா? போட்ட மாதிரியும் இருந்தது, நேற்றுப் போட்டதுபோலவும் இருந்தது. அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஊசியோடு வந்து நின்றதும், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சட்டையைத் தூக்கிக் காட்டினார். இன்னொரு தடவை போட்டாள். ஒரு வார்த்தை, இப்பத்தானே போட்டே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகு கேட்டதற்கு, “நீ போடுறியா இல்லியான்னு நான் என்னத்துக்குட்டி பாக்கணும், அதான் நீ இருக்கேல்லா” என்றார். ஒன்பது மணிக்குள் சட்டை நனைந்து, பேச்சு குழறி, அவள் பெயரைச் சொல்லப் பார்த்து நாக்கு திரும்பாமல் போனது. சீனியை அள்ளி அவர் கன்னத்துக்குள் திணித்தபோது விரலில் அவர் பல் பட்டது. அந்தச் சீனியின் நறநறப்பு இன்னும் அவள் விரலில் இருக்கிறது, இந்தக் கீபோர்டின் மேல், இப்போதும். வீட்டுக்கு வந்த அன்று அவர் வேடிக்கைதான் பேசினார். “ரெண்டுல ஒண்ணு ஓசில்லா. வேற எவனுக்கு அப்படிக் கெடைக்கும்?” ஆனால் அன்று மாலை ஏழரைக்கு ஊசியை அவரே எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். உள்ளே தாழ் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொள்கிறாரா, திறந்துகொண்டா, அவளுக்கு இதுவரை தெரியாது. உள்ளேயிருந்து, “போட்டாச்சு” என்பார். அவள் அடுக்களையிலிருந்து, “ஆச்சு” என்பாள். மூன்று வருஷமாக ஒவ்வொரு மாலையும். திட்டியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும்.

மூன்று இருபத்தெட்டு. ஏசி கிடையாது, மூன்று மின்விசிறிகள். அவள் தலைக்கு நேர்மேலே உள்ளது ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக் என்றது. வரிசையாகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். கேள்வியைப் படித்தேன். பழைய காவல் விதிகளைத் தனியே சேமித்து வைத்தேன், அது நிச்சயம், கோப்புக்கு வைத்த பெயர்கூட நினைவிருக்கிறது. பழையதைச் சேமித்தால் அடுத்தது பத்து நிமிடம். அதுதானே வரிசை. பிறகு புதிய விதிகளை எழுதினேன். எழுதிவிட்டு ஒருமுறை படித்தேன். படித்துவிட்டு? படித்துவிட்டு ரிஸ்வானா பக்கம் பார்த்தேன், ஏனென்றால் அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு விதிகளை மறுபடி படித்தேன். இரண்டு தடவை படித்தும் என் வாசலைக் காணோம் என்பது கண்ணில் படவில்லை. கண்ணில் படாதவளுக்கு மற்றது மட்டும் எப்படி நினைவிருக்கும். டக். பழையதைச் சேமித்தேன், அடுத்தது. டக். அந்த இடத்துக்கு வந்ததும் எண்ணம் முள்ளில் மாட்டின சேலைபோல நின்றுவிடுகிறது. இழுத்தால் கிழியும், எடுத்துவிடவும் தெரியவில்லை. காலையில் பஸ் நிறுத்தம்வரை ஆசீர் கூட வந்தார். சுண்டுவிரல் எடுத்த காலைச் சற்றுச் சாய்த்துத்தான் நடப்பார். “ஏட்டி, ஃபெயிலானாலும் பேசாம வா. ஊளி மீனு வாங்கி வைக்கேன்.” “பாஸானா?” “பாஸானாலும் ஊளிதான். கடக்காரன்ட்ட வேற மீனு இல்ல.” பஸ் கிளம்பியபின் ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் கையசைக்கவில்லை, பாக்கெட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சர்க்கரை மிட்டாய். வெளியே போனால் எப்போதும் ஒன்று வைத்திருக்கிறார், உடம்பில் சர்க்கரை இறங்கிவிட்டால் வாயில் போட்டுக்கொள்ள. தானே தனக்கு ஏற்பாடு. அவளைக் கேட்பதில்லை.

மூன்று இருபத்தொன்பதுக்கு அவளுடைய வலது கை மேசையைவிட்டு மேலே எழுந்தது. தான் எழுப்பியதாகத் தெரியவில்லை. தோளுயரம் வந்துவிட்டது. தலையில் ஏற்றிய கண்ணாடியோடு சங்கரலிங்கம் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், நடையில் அவசரம் இல்லை, தரையில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வந்தார். வரட்டும். கேட்டுவிடலாம். தோற்றால் என்ன, கவுன்டர் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, அடுத்தவர் வாங்க என்று சொல்ல வாய் இருக்கிறது. பூஜ்யம் வாங்கிப் போவதைவிட நாற்பது ஐம்பது வாங்கித் தோற்பதில் கொஞ்சம் மானம் இருக்கிறது. செருப்புச் சத்தம் நெருங்கியது. அப்போதுதான் மேசைமேல் மூடியோடு கிடந்த அந்த ஊசி கண்ணுக்குள் வந்தது. அன்றைக்கும் கை இப்படித்தான் எழுந்தது, தெரியவில்லையே என்ற பயத்தில். போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வேளை சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கும், மறுநாள் இறங்கியிருக்கும், வார்டு டாக்டரே சொன்னார். மறந்ததால் வந்த கேடு இல்லை அது. மறந்துவிட்டோமோ என்று பயந்து, முதல் தடவை சரியாகச் செய்த கையை நம்பாமல், இன்னொரு தடவை செய்ததால் வந்தது. முதல் கை சரியாகத்தான் போட்டிருந்தது. மூன்று வருஷத்தில் ஒருநாளும் இதை அவள் இப்படி யோசித்ததில்லை. “என்ன வேணும்மா?” சங்கரலிங்கம் சார் குனிந்தார். அவர் சட்டையில் ஜவ்வாது வாசனை. அவள் வாயைத் திறந்தாள். “அந்த ஃபேன் சார். டக்கு டக்குங்குது. கொஞ்சம் கொறைச்சு வைக்க முடியுமா?” அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “இதுக்கா கையத் தூக்குனீங்க? நான் என்னமோ ஏதோன்னு வந்தேன். நல்லா எழுதுங்கம்மா.” சுவிட்சுப் பலகைக்குப் போய் ஒரு புள்ளி குறைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எல்லோருக்குமாகச் சொன்னார். “மூணு முப்பது. இனிமே யாரும் உதவி கேக்கப்பிடாது.”

அவர் சொல்லி முடித்ததும்தான் அவளுக்குத் தோன்றியது: கேட்டிருக்க வேண்டும். பெரிய தத்துவம் கண்டுபிடித்துவிட்டவள்போல, முதல் கை, இரண்டாம் கை. ஊசியைப் போட்டிருந்தாள், அதனால் இதையும் போட்டிருப்பாள் என்று எந்த ஊரில் கணக்கு? போடாமலும் இருந்திருக்கலாம். நாற்பது தடவை பழகியவள் நாற்பத்தோராவது தடவை விடக்கூடாதா? தன் வாசலை விட்டவள்தானே. பழைய ஜன்னலை மூடிவிட்டுத் திரையில் புதிதாக ஒன்றைத் திறந்து சர்வரின் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினாள். எதிர்ப்பக்கம் மௌனம். ஆளில்லாத வீட்டைத் தட்டினால் ஒருவிதம், ஆளிருந்தும் திறக்காத வீட்டைத் தட்டினால் இன்னொருவிதம், கதவிலேயே அது தெரியும். குளியலறைக் கதவுக்கு வெளியே ஒருநாள் அவள் நின்றிருக்கிறாள், தட்டாமல். உள்ளே ஊசியின் மூடி கழலும் சின்னச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒரு மூச்சு. அவர் பயந்துகொண்டுதான் போட்டுக்கொள்கிறார் என்று அந்த மூச்சில் தெரிந்தது. தெரிந்தும் அடுக்களைக்குப் போய், ஆச்சு என்றாள். மூன்று முப்பத்தொன்று. மறுபடி தட்டினாள். மௌனம். மின்விசிறி இப்போது டக் என்பதற்கு நடுவே அதிக நேரம் எடுத்துக்கொண்டது, அது இன்னும் மோசம், அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ரெஜிஸ்ட்ராரின் முகம் வந்தது. அவர் திட்டமாட்டார். பரவாயில்லம்மா, இந்த வயசுல முயற்சி பண்ணினதே பெரிசு என்பார், மேசையிலிருக்கும் வேறு காகிதத்தைப் பார்த்துக்கொண்டு. மூன்று முப்பத்திரண்டு. தட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததில் ரத்தம் உப்புக் கரித்தது. மறுபடி தட்டினாள்.

கடவுச்சொல் என்ன என்று கேட்டது. ஒற்றை வரி. அதன் முடிவில் கர்சர். அவள் உடனே தட்டவில்லை, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து அந்த வரி அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. போட்டிருக்கிறாள். கை போட்டிருக்கிறது, அவளிடம் சொல்லாமலே போட்டிருக்கிறது. கடவுச்சொல்லைத் தட்டினாள், உள்ளே போனாள், எழுத்துகள் விழுந்தன, ஒவ்வொன்றும் விழும்போது நெஞ்சில் ஒன்று இறங்கியது. சிரிப்பு வந்தது, அடக்கியதில் இருமலாக வந்தது, ரிஸ்வானா திரும்பிப் பார்த்தாள். இனி வேகம். விதிகளைத் திற, தன் வாசலைச் சேர், ஏற்று, பதினேழு நிமிடம் இருக்கிறது, பேக்கப் நேரத்தையும் திருத்திவிடலாம். விரல்கள் ஓடத் தொடங்கிவிட்டன, அவளுடைய வாசலுக்கான வரியில் பாதி வந்துவிட்டது. நடுவில் நின்றாள். எதற்கு நின்றோம் என்று தெரியவில்லை. நகத்தின் ஓரத்தைப் பார்த்தாள். படித்துவிட்டு ரிஸ்வானா பக்கம் பார்த்தேன். பிறகு விதிகளை மறுபடி படித்தேன். ஏன் மறுபடி படித்தேன்? எதையோ செய்தோமா என்று சந்தேகம் வந்தால்தான் நான் எதையும் மறுபடி படிப்பேன். எழுதிய பாதி வரியை அப்படியே விட்டுவிட்டு, காலக்கெடு வைத்த கட்டளைகள் ஏதாவது பாக்கி இருக்கின்றனவா என்று சர்வரைக் கேட்டாள். ஒரு வரி வந்தது. வரிசை எண் இரண்டு. நேரம் மூன்று முப்பத்தைந்து.

இரண்டு. ஒன்று இப்போதுதான் வேலையை முடித்துக்கொண்டு போனது. இது இன்னொன்று, அதே கட்டளை, எழுத்துக்கு எழுத்து அதேதான், முதலாவதைப் போட்டு மூன்று நிமிடம் கழித்துப் போட்டது. அவள் இரண்டு தடவை போட்டிருக்கிறாள். இதைப் பார்க்காமல் விட்டிருந்தால், இப்போது அவள் ஒழுங்காக எழுதி ஏற்றப்போகும் காவலை மூன்று முப்பத்தைந்துக்கு இது வந்து சத்தமில்லாமல் கலைத்துப்போட்டுவிட்டு, எல்லா வாசலையும் பழையபடி மலர்த்திவைத்துவிட்டுப் போயிருக்கும். அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு, முகம் கழுவி, நன்றாக எழுதினேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். திரையின் மூலையில் மூன்று முப்பத்துநாலு. மேசைமேல் மூடியோடு ஒரு ஊசி. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சட்டையைத் தூக்குகிற ஒரு மனிதர். அவள் நீக்கும் கட்டளையைத் தட்டினாள், அதற்குப் பக்கத்தில் இரண்டு என்று தட்டினாள், அழுத்தினாள். பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி கேட்டாள். சர்வர் ஒன்றும் சொல்லவில்லை, காலியான ஒரு வரியைக் காட்டியது. மூன்று முப்பத்தைந்து வந்தது. வந்தது போனது. ஒன்றும் நடக்கவில்லை. விசிறி டக் என்றது. கன்னம் நனைந்திருப்பது கழுத்தில் இறங்கியபின்தான் தெரிந்தது, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

பிறகு விதிகளை எழுதினாள், இந்தத் தடவை தன் வாசலை முதலில். பழையதைச் சேமித்தாள். அடுத்தது பத்து நிமிடம். அந்த வரியைத் தட்டி என்டரை அழுத்திய உடனே, நோட்டு இல்லாததால், “போட்டாச்சு” என்றாள். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். அடுக்களைவரை கேட்கிற குரலில் வந்துவிட்டது. நாலைந்து தலைகள் திரும்பின. ரிஸ்வானாவின் விரல்கள் ஒரு நொடி நின்றன. வாசற்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்த சங்கரலிங்கம் சார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

“ஆச்சா? சரி. அடுத்ததப் பாருங்க.”